ஒளிவுமறைவு இல்லாத மைனா

மழை எட்டிப்பார்க்காத மலைச்சரிவில் இருந்த ஒரு காட்டில், சருகுமான் ஒன்று தன் குட்டியோடு வாழ்ந்து வந்தது. சருகுமானை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், குழந்தைகளே. முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கொம்பு கிடையாது. காய்ந்த இலைகளுக்கு நடுவே படுத்துவிட்டால், பக்கத்தில் போய் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது.

அதற்குக் கூச்சம் அதிகம். நாலு பேர் கூடிய இடத்தில் வாயே திறக்காது. ஆனால் வாய் திறக்காதவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மற்றவர்கள் பேசும்போது யாருடைய காது எந்தப் பக்கம் திரும்புகிறது, யாருடைய வால் எப்போது துடிக்கிறது என்று நிதானமாகப் பார்க்கலாம். சருகுமான் பார்த்துக்கொண்டே இருந்தது.

கோடை தொடங்கிய ஒரு காலையில் நரி நாவல் மரத்தடிக்கு வந்து நின்றது. அதன் முதுகில் கறுகறுவென்று ஒரு மலை மைனா உட்கார்ந்திருந்தது.

"எல்லாரும் வாருங்கள்! காட்டின் அறிவெல்லாம் ஒரே அலகில்! எதைக் கேட்டாலும் பதில் சொல்லும்!" என்று நரி கூவியது.

முதலில் ஓடி வந்தது குரங்கு. புதிதாக எது வந்தாலும் குரங்குதான் முதலில் வரும். "நரியண்ணா, நான் கேட்கட்டுமா? மைனாவே, நெல்லிக்காய் எங்கே பழுத்திருக்கிறது?"

"ஓடைக்கு மேற்கே, மூன்றாவது மேட்டில்," என்றது மைனா, மணி அடித்தது போன்ற குரலில்.

குரங்கு போய்ப் பார்த்துவிட்டு வாய் நிறைய நெல்லிக்காயோடு திரும்பி வந்தது. அதற்குள் காடே கூடிவிட்டது.

சோம்பேறிக் கரடி கொட்டாவி விட்டபடி கேட்டது: "தேன் எங்கே இருக்கும்?"

"பிளந்த மருத மரத்தின் பொந்தில். யாரிடமும் சொல்லிவிடாதே," என்றது மைனா.

"அடடா, எனக்கு மட்டுமே தெரிந்த இடமாயிற்றே! என்னைப் போலவே யோசிக்கிறது. என்ன அறிவு, என்ன அறிவு!" என்று கரடி கண் கலங்கியது.

மைனா அதைச் சொன்ன குரல் கரடியின் குரலாகவே இருந்ததைச் சருகுமான் மட்டும் கவனித்தது. போன கோடையில் அந்த மருத மரத்தடியில் கரடி தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்ததும், பக்கத்துப் புதரில் நரியின் வால் நுனியும் ஒரு கறுப்புச் சிறகும் தெரிந்ததும் அதற்கு நினைவிருந்தது.

காட்டுக்குத் தலைவரான யானை தும்பிக்கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கியது. யானைக்கு எதையும் கூட்டம் போட்டு முடிவு செய்தால்தான் தூக்கம் வரும்.

"நரி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை எப்படி நம்புவது? போன வருடம் ஒரு ஆந்தை வந்தது. கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, 'உள்ளே பார்க்காதே, இறகைத் தொடாதே' என்றது. கேள்விக்கு ஒரு எலி வேறு கேட்டது."

நரி நெஞ்சில் கை வைத்தது. "ஐயா, அந்த ஆந்தையும் இந்த மைனாவும் ஒன்றா? இதற்குக் கூண்டு இல்லை, பூட்டு இல்லை, கேள்விக்கு எலியும் இல்லை. யார் வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். முட்டையிட்டால் குஞ்சு பொரித்துக்கொள்ளலாம். இறகுகளைக்கூட எண்ணலாம்! ஐயா, இது ஒளிவுமறைவு இல்லாத மைனா!"

"இறகுகளை எண்ணலாமா?" என்று முயல் துள்ளி எழுந்தது. முயலுக்கு எண்ணுவதென்றால் உயிர்.

"எண்ணு தம்பி, தாராளமாக எண்ணு!"

முயல் மூன்று நாள் எண்ணியது. மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு இறகுகள். ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றுகூடக் குறித்துக்கொண்டது. பிறகு மரம் மரமாகப் போய், "எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட மறைக்கவில்லை," என்று சொல்லிக்கொண்டு திரிந்தது.

"எல்லாவற்றையும் பார்த்ததில் என்ன தெரிந்தது, அண்ணா?" என்று சருகுமான் மெதுவாகக் கேட்டது.

"மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்று தெரிந்தது," என்றது முயல் பெருமையாக.

யானைக்கு அது போதவில்லை. 'ஒளிவுமறைவு இன்மை என்றால் என்ன' என்று வரையறுக்க ஒரு குழு அமைத்தது. குழுவில் யானை, முயல், குரங்கு மூவரும் இருந்தார்கள். முதல் நாள் குரங்கு மரம் விட்டு மரம் தாவியது. இரண்டாம் நாள் யானை தன் முன்னுரையைப் பேசி முடித்தது. மூன்றாம் நாள் நரி பணிவாக வந்து நின்றது.

"பெரியவர்கள் நீங்கள் எதற்காக இவ்வளவு சிரமப்பட வேண்டும்? எழுத்து வேலையை என்னிடம் விடுங்கள், ஐயா."

நரி தன் நகத்தால் பாறையில் கீறியது: கூண்டு இருக்கக் கூடாது. கட்டணம் கூடாது. இறகுகளை எண்ண விட வேண்டும்.

யானை படித்துப் பார்த்தது. "அருமை. நான் நினைத்ததையே எழுதிவிட்டாய். இந்த வரையறைக்கு நம் மைனா பொருந்துகிறதா?"

"நேரில் எண்ணிப் பார்த்தேன் ஐயா, அப்படியே பொருந்துகிறது!" என்றது முயல்.

எல்லாரும் காலைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். அந்தச் சத்தம் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. சருகுமானின் குரல். அது பேசியதில் அதற்கே ஆச்சரியம்.

"நரியண்ணா, ஒரு சந்தேகம். இந்த மைனாவுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது யார்? என்னென்ன சொல்லிக் கொடுத்தார்கள்?"

நரியின் காது ஒரு நொடி பின்னால் மடங்கியது. உடனே நிமிர்ந்தது. "என்ன தங்கச்சி, இவ்வளவு பெரிய மைனாவைத் திறந்து வைத்திருக்கிறேன். இறகு இறகாகப் பார்க்க விட்டிருக்கிறேன். இன்னும் சந்தேகமா? ஆறு மாதம் ஒரு குகையில் வைத்துப் பழக்கினேன். குகைக்குள் நடந்ததெல்லாம் தொழில் ரகசியம்."

"ஒளிவுமறைவு இல்லை என்றீர்களே..."

"மைனாவுக்கு ஒளிவுமறைவு இல்லை என்றேன். குகைக்கும் சேர்த்தா சொன்னேன்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "சும்மா கிடைக்கிற மைனாவின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறாயே!" என்று குரங்கு கேலி செய்தது. மைனாவுக்குப் பல்லே இல்லை என்று சொல்லச் சருகுமானுக்கு நா எழவில்லை. முகம் சிவந்து புதருக்குள் போய்விட்டது.

கோடை முற்றியது. ஓடை வறண்டது. குட்டைகள் வெடித்துப் பாளம் பாளமாயின. காட்டில் தண்ணீர் இருக்கக்கூடிய இடங்கள் இரண்டுதான். ஒன்று மேட்டுக்கு மேலே பாறைச் சுனை. மற்றொன்று பள்ளத்தில் மூங்கில் ஊற்று.

எந்தப் பக்கம் போவது என்று எல்லாரும் மைனாவைக் கேட்டார்கள்.

"பாறைச் சுனை வற்றிவிட்டது. மூங்கில் ஊற்றில் தண்ணீர் உண்டு. வழியில் ஆபத்து இல்லை. ஒவ்வொருவராகப் போங்கள். கூட்டமாகப் போனால் தண்ணீர் கலங்கும்," என்றது மைனா.

"எவ்வளவு நாகரிகமான பறவை!" என்று யானை வியந்தது. அன்றே ஒரு விதியும் போட்டது. மைனாவைக் கேட்காமல் யாரும் தண்ணீருக்குப் போகக் கூடாது. மைனா சொன்ன இடத்தைத் தவிர வேறு இடத்துக்கும் போகக் கூடாது. போனால் காட்டை விட்டே விலக்கிவிடுவார்கள்.

முதல் நாள் யானை போய்க் குடித்துவிட்டு வந்தது. கரடி போய்விட்டு வந்தது. மூன்றாம் நாள் ஒரு புள்ளிமான் போனது. அது திரும்பவில்லை. ஐந்தாம் நாள் இன்னொரு புள்ளிமான். அதுவும் திரும்பவில்லை. ஏழாம் நாள் போன காட்டுப்பன்றிக் குட்டியும் திரும்பவில்லை.

கூட்டம் கூடியது. நரி வருத்தமாகத் தலையைக் குனிந்துகொண்டது. ஆனால் கோடையில் எல்லாருக்கும் விலா எலும்பு தெரிந்தபோது நரியின் வயிறு மட்டும் பளபளவென்று உருண்டிருந்தது. சருகுமான் அதையும் பார்த்தது.

"துக்கமான விஷயம்தான்," என்றது நரி. "ஆனால் கணக்குப் பாருங்கள். மைனா இதுவரை சொன்ன பதில்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி. நெல்லிக்காய் சரி. தேன் சரி. உங்களில் யாராவது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாகப் பேசுகிறவர் உண்டா?"

எல்லாரும் யானையைப் பார்த்தார்கள். யானை வானத்தைப் பார்த்தது.

"அந்த மான்கள் வேறு காட்டுக்குக் குடி போயிருக்கலாம்," என்றது குரங்கு.

"சொல்லிக்கொள்ளாமலா?" என்றது கரடி.

"இந்தக் காலத்தில் யார் சொல்லிக்கொண்டு போகிறார்கள்?"

"மைனா அடுத்த முறை இறகு உதிர்த்துப் புது இறகு முளைத்ததும் இந்தச் சின்னக் குறையும் தீர்ந்துவிடும்," என்று நரி முடித்தது. யானை அதை ஏற்றுக்கொண்டது. "அடுத்து யாருடைய முறை?" என்று கேட்டது.

"சருகுமானும் அதன் குட்டியும். நாளைக் காலை," என்றது முயல், கணக்கைப் பார்த்து.

குட்டிக்கு நாக்கு வறண்டு, உதட்டோரம் வெடித்திருந்தது. காலையில் புல்நுனிப் பனியை நக்கிக்கொண்டு இத்தனை நாளும் ஓட்டியாகிவிட்டது. நாளை தண்ணீர் குடிக்காவிட்டால் பிழைக்காது. மூங்கில் ஊற்றுக்குப் போனாலும் பிழைக்காது.

அன்று நடுப்பகலில் காடு அசந்து கிடந்தது. குட்டியை நிழலில் படுக்க வைத்துவிட்டுச் சருகுமான் நாவல் மரத்தடிச் சருகில் போய்ப் படுத்துக்கொண்டது. மேலே கிளையில் மைனா தூங்கி வழிந்துகொண்டிருந்தது. நரி எங்கோ போயிருந்தது.

மைனா தூக்கத்தில் ஏதோ உளறியது. சருகுமான் காதைத் தீட்டியது.

'கர்ரக்... கர்ரக்... கர்ரக்...'

ரம்பத்தால் மரம் அறுப்பது போன்ற ஓசை. அந்த ஓசையைக் கேட்டால் பிறந்த குட்டிக்குக்கூட மயிர் சிலிர்க்கும். சிறுத்தை உறுமும் ஓசை அது.

மைனா காதில் விழாததைச் சொல்லாது. சிறுத்தையின் உறுமலை இவ்வளவு அச்சாகச் சொல்ல வேண்டுமானால், எத்தனை நாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்! சருகுமான் எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தது. குட்டியின் உதடு நினைவுக்கு வந்தது. ஓடவில்லை.

மைனா மறுபடி முனகியது. இம்முறை கரகரத்த, தடித்த குரல். "எங்கே சொல்லு பார்க்கலாம்..."

அவ்வளவுதான். சருகு சரசரத்த சத்தத்தில் மைனா விழித்துக்கொண்டது. உடனே பழையபடி மணிக்குரலில், "வணக்கம், உங்களுக்கு நான் எப்படி உதவட்டும்?" என்றது.

சருகுமான் எழுந்து போய்விட்டது.

மறுநாள் காலை நாவல் மரத்தடியில் எல்லாரும் கூடியிருந்தார்கள். சருகுமான் குட்டியோடு வந்து நின்றது. குட்டிக்கு நிற்க முடியவில்லை. தாயின் காலில் சாய்ந்துகொண்டது.

"கேள் தங்கச்சி, கேள். கூச்சப்படாதே," என்றது நரி, உதட்டை நக்கிக்கொண்டே.

சருகுமான் மைனாவை நிமிர்ந்து பார்த்தது. இத்தனை கண்களும் தன்மேல் இருப்பதை நினைத்தால் மூச்சே வராது போலிருந்தது. ஆகவே அது மைனாவை மட்டும் பார்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, முடிந்த மட்டும் தன் குரலைத் தடித்ததாக ஆக்கிக்கொண்டு, ஆரம்பத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தது:

"எங்கே சொல்லு பார்க்கலாம்..."

மைனா கண்ணை மூடிக்கொண்டது. பாடத்தைத் தொடங்கிக் கொடுத்தால் முடிக்காமல் இருக்க அதற்குத் தெரியாது. அதன் தொண்டையிலிருந்து சிறுத்தையின் குரல் வந்தது.

"எங்கே சொல்லு பார்க்கலாம், 'மூங்கில் ஊற்றில் தண்ணீர் உண்டு.' சீ, அப்படியில்லை! இனிமையாகச் சொல்லு. மானுக்குத் தாகம் எடுக்க வேண்டும். 'வழியில் ஆபத்து இல்லை.' ஆம், அதுதான். இன்னொரு முறை."

உடனே நரியின் குரல் வந்தது. "சிறுத்தை மாமா, 'ஒவ்வொருவராகப் போங்கள்' என்பதையும் சேர்த்துக்கொள்ளலாமா? கூட்டமாக வந்தால் உங்களுக்கு வேலை கஷ்டம்."

மறுபடி சிறுத்தை. "கெட்டிக்காரன்டா நீ. யானையும் கரடியும் வந்தால் விட்டுவிடுகிறேன். மிச்சத்தில் கால் பங்கு உனக்கு. கர்ரக்... கர்ரக்..."

கரடிக்கு அன்றுதான் முதன்முதலாகத் தூக்கம் முழுவதும் கலைந்தது.

எல்லாரும் நரியைப் பார்த்தார்கள். நரி இரண்டு முறை எச்சில் விழுங்கியது. பிறகு முகம் மலர்ந்தது.

"பார்த்தீர்களா! பார்த்தீர்களா! தன்னைப் பழக்கிய கதையைக்கூட மறைக்காமல் சொல்லிவிட்டது! இதைவிட ஒளிவுமறைவு இல்லாத மைனா எந்தக் காட்டில் உண்டு?"

குரங்கு பழக்கத்தில் கைதட்டப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டது.

யானை முயலிடம் திரும்பியது. "குகையில் யார் பழக்கினார்கள் என்பதைப் பற்றி நம் வரையறையில் ஏதாவது இருக்கிறதா?"

முயல் பாறையைப் போய்ப் படித்துவிட்டு வந்தது. "இல்லை ஐயா. கூண்டு, கட்டணம், இறகு. மூன்றுதான் இருக்கிறது."

"அப்படியானால் விதிப்படி நரிமேல் தவறு இல்லை," என்றது யானை கவலையோடு. "வரையறையைத் திருத்த ஒரு குழு..."

"ஐயா," என்றது சருகுமான்.

யானை பேச்சை நிறுத்தியது. அதன் பேச்சை இதுவரை யாரும் இடைமறித்ததில்லை.

"குழு கூடட்டும், ஐயா. அதுவரை என் குட்டி தாங்காது. நேற்றெல்லாம் தேனீக்கள் பாறைச் சுனைப் பக்கமே போய் வந்துகொண்டிருந்தன. தேனீக்கள் இந்தக் கோடையில் தண்ணீர் இல்லாத இடத்துக்குச் சும்மா போகாது. நான் அங்கே போகிறேன். விலக்குவதென்றால் தண்ணீர் குடித்துவிட்டு வந்த பிறகு விலக்குங்கள்."

அது குட்டியை முன்னே தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கியது. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மிச்சமிருந்த புள்ளிமான்கள் வந்தன. தாய்ப்பன்றி வந்தது. குரங்கு மரத்துக்கு மரம் தாவி வந்தது. முயல், எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே வந்தது. கடைசியில் யானை வந்தது. வரும் வழியெல்லாம், "என் தலைமையில் எல்லாரும் ஒழுங்காக நடக்கிறீர்கள்," என்று பாராட்டிக்கொண்டது.

இவர்கள் மேட்டில் ஏறியபோது நரி சத்தமில்லாமல் பள்ளத்தில் இறங்கி ஓடியது. சிறுத்தைக்குச் செய்தி சொல்லியாக வேண்டுமே! தனக்கு அத்திப்பழம் கொடுத்துப் பழக்கியவன் போகிறானே என்று மைனாவும் அதன் பின்னாலேயே பறந்தது.

பாறைச் சுனையில் கண்ணாடி போலத் தண்ணீர் கிடந்தது. குட்டி மூக்கு வரை உள்ளே விட்டுக் குடித்தது. சருகுமான் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றது.

அப்போது மைனா தனியாகப் பறந்து வந்து சுனை ஓரத்தில் உட்கார்ந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. தான் கேட்டு வந்ததை அதுவாகவே சொல்லத் தொடங்கியது. முதலில் நரியின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு:

"மாமா, ஒரு சின்னச் சிக்கல். இன்றைக்கு மான் வராது. நாளைக்கும் வராது. ஆனால் கவலைப்படாதீர்கள், இதைவிட நல்ல மைனா ஒன்றைப் பழக்கி..."

"எனக்கு இன்றைக்குப் பசிக்கிறது. இன்றைக்கு யார்தான் வந்தார்கள்?" என்றது சிறுத்தையின் குரல்.

"நான் ஒருவன்தான், மாமா."

"ஒருவன் போதும்."

அதற்குப் பிறகு கேட்ட ஓசைகளையும் மைனா ஒன்றுவிடாமல் சொன்னது.

குட்டி தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியது. "அம்மா, அது என்ன சத்தம்?"

"நீ குடி," என்றது சருகுமான்.

நீதி: எல்லாம் வெளிப்படை என்று சொல்பவர் காட்டியதை எண்ணிக்கொண்டிராதே, காட்டாமல் விட்டதைக் கேள்.